குன்றின் மேல் ஒரு குறி

பொழுதைப் பயனுறக் கழிக்க மக்கள் கண்ட வழிகள் பல. அஞ்சல் தலைகளைச் சேர்ப்போர் உளர். பழங்காசுகளைத் தேடி அலைவோர் உளர். பறவைகளின் வரவை ஆண்டுதோறும் குறித்து வைப்போரும் உளர். மலையுச்சிகளில் நில அளவையினர் விட்டுச்சென்ற கற்களையும் தூண்களையும் ஒவ்வொன்றாகத் தேடிக் காண்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் இவ்வுலகில் இருக்கிறார்கள். ஒரு கல்லைக் காண மலையேறுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் அக்கல் அங்கே ஏன் நிற்கிறது என்று கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி நம்மை நேரே வரலாற்றுக்குள் அழைத்துச் செல்கிறது; நம் சென்னைப் பரங்கிமலையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த வரலாற்றையே மாணவ நண்பர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

இப்பொழுதுபோக்கு தழைத்து வளர்ந்த நாடு பிரிட்டன். அந்நாட்டு நில அளவைத் துறையினர் தம் நாடு முழுவதையும் புதிதாக அளக்க முற்பட்டு, 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், கோல்டு ஆஷ்பி என்னும் ஊருக்கருகே நின்ற தூணில் வேலையைத் தொடங்கினர். மார்ட்டின் ஹாட்டின் என்னும் படை அதிகாரி அதற்குத் தலைமை தாங்கினார். அளக்கும் கருவி அசையாமல் நிற்கவேண்டுமே என்று, ஏறக்குறைய நான்கடி உயரமுள்ள தூண்களை மலைதோறும் எழுப்பினர். அத்தகைய தூண்கள் சுமார் 6,500. வேலை 1962-இல் முடிந்தது. பின்னர் வானில் சுற்றும் துணைக்கோள்கள் வந்தன; தூண்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஆயினும் மக்கள் அவற்றைக் கைவிடவில்லை. விடுமுறை நாளில் மலையேறி, தூணைக் கண்டு, அதன் எண்ணைக் குறித்து, அது நன்னிலையில் உள்ளதா, சிதைந்ததா என்று பதிவு செய்து வருகிறார்கள்.

2000-ஆம் ஆண்டில் இதனோடு மற்றொரு விளையாட்டும் சேர்ந்தது. அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில், துணைக்கோள் வழி இடமறியும் முறையில் பொதுமக்களுக்கு வைத்திருந்த தடையை அமெரிக்க அரசு நீக்கியது. அடுத்த நாளே, ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் சிறு பொருள்கள் அடங்கிய பெட்டி ஒன்றை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை மட்டும் வெளியிட்டார். கையிலுள்ள கருவியின் துணைகொண்டு பிறர் அதனைத் தேடிக் கண்டனர். ஜியோகேச்சிங் என்று பெயர் பெற்ற இப்புதையல் வேட்டை விரைவில் உலகெங்கும் பரவியது. பெட்டியைத் தேடியவர்கள் பழைய அளவைக் குறிகளையும் தேடத் தொடங்கினர். இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அட்சரேகை, தீர்க்கரேகை என்று இன்று நொடியில் அறிகிற எண்களை, முன்னோர் ஒரு காலத்தில் மலையுச்சிகளில் நாட்கணக்கில் காத்திருந்து பெற்றார்கள்.

மலையுச்சி எதற்கு? விடை, பள்ளியில் நீங்கள் கற்கும் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும், அப்பக்கத்தின் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் அளக்காமலே கணக்கிட்டு அறியலாம். அவ்வாறு அறிந்த ஒரு பக்கத்தை அடிப்படையாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதிலிருந்து அடுத்தது. இவ்வாறு தொடுத்துக்கொண்டே போனால், தரையில் ஒரே ஒரு கோட்டை அளந்துவிட்டு ஒரு நாட்டையே அளந்துவிடலாம். ஆனால் ஒரு முனையிலிருந்து பார்த்தால் மற்ற முனைகள் கண்ணுக்குத் தெரியவேண்டும். ஆகவேதான் குன்றுகளைத் தேடினார்கள்.

இந்திய நாட்டில் அந்த ஒரு கோட்டை அளந்தவர் வில்லியம் லாம்டன். 1799-ஆம் ஆண்டில் சீரங்கப்பட்டினப் போரில் ஈடுபட்டிருந்த ஆங்கிலப் படை அதிகாரி அவர். திப்பு சுல்தான் வீழ்ந்தபின், தென்னாட்டைக் கரைக்குக் கரை முக்கோணங்களால் அளக்கலாம் என்று அவர் திட்டம் தந்தார். கம்பெனி அரசு ஒப்பியது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கம் குன்றுக்கும் இடைப்பட்ட சமவெளியில், சங்கிலி வைத்து அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறக்குறைய ஏழரை மைல். நூறடிச் சங்கிலியை நானூறு முறை வைத்து அளந்து முடிக்க மே மாதம் 22-ஆம் நாள் ஆயிற்று.

ஏழரை மைலுக்கு ஆறு வாரமா என்று நீங்கள் கேட்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். எஃகு வெயிலில் நீளும். ஃபாரன்ஹீட் அளவில் பத்துப் பாகை வெப்பம் மிகுந்தால், நூறடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே நீளும், கண்ணுக்கே தெரியாது. ஆனால் நானூறு சங்கிலிக்கு அது ஏறக்குறைய இரண்டரை அடியாகிவிடும். அந்த அடிப்படையில் நாடு முழுவதும் முக்கோணங்களை அடுக்கினால் பிழையும் உடன் வளரும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின்மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, வெப்பமானிகளைப் படித்து, ஒவ்வொரு நூறடிக்கும் திருத்தம் கணக்கிட்டார்கள். அதுவும் சென்னையின் சித்திரை வைகாசி வெயிலில்! பின்னர் 1804-இல் பெங்களூருக்கருகே மற்றொரு கோட்டை அளந்து சரிபார்த்தபோது, முக்கோணக் கணக்குக்கும் நேரளவுக்கும் இருந்த வேறுபாடு சில அங்குலங்களே. சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே நாட்டின் அகலம் சுமார் 360 மைல்தான். பழைய படங்கள் 40 மைல் கூட்டிக் காட்டியிருந்தன என்பதும் இவ்வளவையால் வெளிப்பட்டது.

கோணங்களை அளந்த கருவியின் கதை இன்னும் சுவையானது. அரை டன் எடையுள்ள அந்தத் தியோடலைட்டு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தபோது, பிரெஞ்சுக்காரர் அக்கப்பலைப் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோயினர். அறிவியற் கருவி என்று அறிந்தபின் அதனைத் திருப்பி அனுப்பினர். காவிரிப் படுகையில் குன்றுகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. எனவே லாம்டன் கோபுரங்களை நாடினார். 1808-இல் தஞ்சைக் கோயிலில் கருவியை மேலேற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி அதன் வட்டம் வளைந்தது. லாம்டன் மனந்தளராமல், சுமார் ஆறு வாரம் உழைத்து, அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டார். அக்கருவியே பின்னரும் பல ஆண்டுகள் பணி செய்தது.

1823-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள், நடு இந்தியாவில் இங்கன்காட்டு என்னும் ஊரில், பணியின் நடுவிலேயே லாம்டன் காலமானார். அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்டு பொறுப்பேற்றார். குமரிமுனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை, ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் நீண்ட முக்கோண வரிசை 1841-இல் நிறைவுற்றது. அவ்வரிசையிலிருந்து கிளைத்த அளவைகளே இமயச் சிகரங்களின் உயரத்தைத் தந்தன. உலகின் உயர்ந்த சிகரம் 29,002 அடி என்று 1856-இல் அறிவித்தார்கள். அக்கணக்கில் முதன்மையான பங்கு கொண்டவர், கணிப்பாளர்களுக்குத் தலைவராக இருந்த வங்காளியர் இராதாநாத் சிக்தார். 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். பழைய கணக்குக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்பது மீட்டரளவே.

ஆனால் சிகரத்துக்குச் சூட்டிய பெயர் எவரெஸ்டு என்பதே. இங்கேதான் மாணவர்கள் சற்று நின்று சிந்திக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன். நம் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மோசின் உசேன் என்பவர் நுண்ணிய கருவிகளைச் செப்பனிடுவதில் வல்லவர். கல்கத்தாவுக்கு அழைக்கப்பெற்ற அவர், 1840-களில் நில அளவைத் துறையின் கணிதக் கருவி வல்லுநர் பதவிக்கே உயர்ந்தார். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவருக்காவது பெயர் எஞ்சியிருக்கிறது. அரை டன் கருவியை மலைகளின்மேல் தோளில் சுமந்தவர்கள், பார்வைக்குத் தடையான மரங்களை வெட்டியவர்கள், தொலைவிலுள்ள உச்சியில் கொடி பிடித்தும் இரவில் விளக்கேற்றியும் காத்து நின்றவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தச் சிகரத்திலும் இல்லை. 1819-இல் கிருட்டிணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட காடுகளில் எவரெஸ்டும் அவருடைய குழுவினரும் கொடிய காய்ச்சலுக்கு ஆளானார்கள். எவரெஸ்டு பிழைத்தார், உடன் சென்ற ஏழைத் தொழிலாளர் பலர் பிழைக்கவில்லை.

இவ்வளவும் யாருக்காக என்றும் கேட்கவேண்டும். நிலவுலகின் வடிவத்தை அறியவேண்டும் என்ற அறிவு வேட்கை லாம்டனிடம் உண்மையாகவே இருந்தது. ஆயினும் செலவு செய்த கம்பெனிக்கு, படை நடத்தவும் வரி தண்டவும் நல்ல நிலப்படம் வேண்டியிருந்தது. நாட்டை அளந்தவர் நாட்டை ஆள்வது எளிது. ஆகவே மலைமேலுள்ள குறி அறிவின் சின்னமும் ஆகும். அடிமை நாளின் சின்னமும் ஆகும். இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது. அடிமை நாளின் சின்னம் என்பதற்காக அதனை அழியவிடுவோமானால், ஆண்டவர் பெருமையோடு சுமந்தவர் உழைப்பின் சான்றும் உடன் அழிந்துபோகும்.

அழிவு மெய்யாகவே நிகழ்கிறது. இக்குறி பெரும்பாலும் எளியதுதான்: பாறையில் வெட்டிய ஒரு வட்டம்; நடுவே ஒரு புள்ளி. அதன்மேல் கல்லடுக்கோ சிறு மேடையோ இருக்கலாம். உள்ளே புதையல் உண்டென்று எண்ணி மேடையை இடிப்போர் இருக்கிறார்கள். கல்லுடைக்கும் தொழிலோ, குறியை மட்டுமன்றிக் குன்றையே விழுங்கிவிடுகிறது. லாம்டன் சங்கிலி வைத்து அளந்த வெளியில் இன்று வீடுகளும் சாலைகளும் நிறைந்துவிட்டன. பரங்கிமலையின் உச்சியில் நின்று தெற்கே நோக்கும்போது, அன்று இரு குன்றுகளையும் இணைத்த வெற்றுவெளியைக் கற்பனையில்தான் காண முடிகிறது. துணைக்கோள் இருக்கையில் பழைய கல் எதற்கு என்பார்க்கு ஒரு சொல்: நிலம் அசைந்ததா, தாழ்ந்ததா என்று அறிய விரும்பும் அறிஞருக்கு, இருநூறு ஆண்டுக்கு முன் இடம் குறித்த ஒரு புள்ளி மிகவும் அரிய சான்று. அப்புள்ளி ஒருமுறை பெயர்ந்துவிட்டால் மீண்டும் கிடைக்காது.

ஆகவே இப்பொழுதுபோக்கு நம் மாணவரிடையேயும் பரவவேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கு வேண்டியவை நல்ல நிலப்படம், குடிநீர், ஒரு குறிப்பேடு, உடன்வரும் ஆசிரியர் ஒருவர், அவ்வளவே. குன்று காப்புக்காட்டிலோ படைத்துறை நிலத்திலோ இருந்தால் முன்னதாக இசைவு பெறுக. கோயில் இருந்தால் அவ்விடத்து வழக்கத்தைப் போற்றுக. குறியின்மேல் பெயர் எழுதாதீர், கல்லைப் பெயர்க்காதீர், பெட்டி எதையும் புதைக்காதீர். காண்பதை அப்படியே எழுதுக: வட்டம் தெளிவாக உள்ளதா, மேடை இடிந்துள்ளதா, அங்கிருந்து எந்தெந்தக் குன்றுகள் தெரிகின்றன. அவ்வூர் முதியவரிடம் அக்கல்லைப் பற்றிக் கேட்டு அதனையும் எழுதுக. ஓர் ஊர்ப்பள்ளி ஒரு குன்றைப் பொறுப்பேற்றாலே போதும். கல்லுக்குக் காவல் கிடைக்கும். ஊருக்கு வரலாறும் கிடைக்கும்.

புள்ளியைக் கண்டபின் உடனே இறங்கிவிடாதீர்கள். அங்கிருந்து தெரியும் அடுத்த குன்றை நோக்குங்கள். அங்கேயும் ஒருவன் கையில் கொடியோடு நின்றிருந்தான். காற்றிலும் வெயிலிலும் அவன் கை நடுங்காது பிடித்திருந்ததனால்தான் இங்கே கோணம் சரியாக அமைந்தது. அவன் பெயரை ஏடுகள் எழுதி வைக்கவில்லை. அவன் நின்ற இடத்தையாவது நாம் காத்து வைப்போம்.