வரம்புக்குள் இருப்பது எந்தத் தண்ணீர்?: அனந்தபுரம் வட்டாரக் குடிநீரும் தர அளவுகளும்

2024 டிசம்பர் இறுதியில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் வெளியிட்ட தர அறிக்கையில் நைட்ரேட் மிகுந்த 15 மாவட்டங்களின் பட்டியல் ஒன்று உண்டு. ராஜஸ்தானின் பார்மர், ஜோத்பூர், மகாராஷ்டிரத்தின் வார்தா, அமராவதி என்று செல்லும் அந்த வரிசையில் தமிழகத்திலிருந்து இடம்பெற்ற ஒரே மாவட்டம் விழுப்புரம். நாடு முழுவதும் 15,259 இடங்களில் எடுத்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழகத்தில் அந்தப் பங்கு 37 விழுக்காட்டுக்கும் மேல்.

அந்த மாவட்டத்தின் செஞ்சி வட்டத்துப் பேரூராட்சியான அனந்தபுரத்தில் வசிக்கும் ஒருவர் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டுத் தம் வீட்டுக் குழாயைப் பற்றி என்ன முடிவுக்கு வரலாம்? நேரடியாக எந்த முடிவுக்கும் வரக் கூடாது. வாரியம் அளந்தது கண்காணிப்புக் கிணறுகளின் நீரை. பேரூராட்சி மக்கள் குடிப்பதோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, குளோரின் கலக்கப்பட்டு, தெருவுக்கடியில் குழாயில் ஓடி, முறை வைத்துத் திறந்துவிடப்பட்டு, பிறகு குடத்திலோ டிரம்மிலோ ஒரு நாள், இரண்டு நாள் நின்ற நீர். இந்த வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் அதன் தரம் மாறுகிறது. 'வரம்புக்குள் உள்ளது' என்று சான்று தரும்போது எந்தக் கட்டத்து நீர், எந்த நேரத்து நீர் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. குடிநீர்த் தரம் பற்றிய நம் விவாதம் எண்ணைப் பற்றியதாகவே நின்றுவிடுகிறது; எண்ணை எங்கே, எப்போது, யாருக்காக அளந்தார்கள் என்பதுதான் பல நேரங்களில் எண்ணைவிட முக்கியம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நைட்ரேட். இவ்வட்டாரம் கடும்பாறைப் பூமி. மேல்மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே விரிசல்கள். நீர் தங்குவது இவற்றில்தான். கிழக்கே வானூர்ப் பக்கத்து மணற்கல்லில் நீர் மெல்லக் கசிந்து இறங்குவதுபோல் இங்கே இறங்குவதில்லை. ஓர் உறிஞ்சுகுழிக்கும் ஓர் ஆழ்துளைக் கிணற்றுக்கும் இடையே விரிசல் ஒன்று வழி செய்துவிட்டால் நடுவில் வடிகட்ட ஒன்றுமில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். ஊரைச் சுற்றி யூரியா வாங்கிக் குடிக்கும் நெல்லும் கரும்பும் மல்லாட்டைக் கொல்லைகளும். கூடவே மாட்டுக் கொட்டகைகள். எல்லாவற்றின் நைட்ரஜனும் மண்ணில் நைட்ரேட்டாகி நீரோடு இறங்குகிறது. மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கைக்கும் அறிக்கையில் ஆதரவில்லை. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட மாதிரிகளில் வரம்பு மீறியவை 30.77 விழுக்காட்டிலிருந்து 32.66 ஆகச் சற்றே கூடியிருந்தன. மேலே கிடந்ததை மழை கீழே இறக்கிவிட்டது என்று கொள்ளலாம்.

45 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹண்டர் காம்லி, பண்ணைக் கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்பட்ட சிசுக்கள் நீலம் பாரித்ததைப் பதிவு செய்தார். நைட்ரேட்டிலிருந்து உண்டாகும் நைட்ரைட், இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்திருந்தது. 1951இல் வால்டன் இத்தகைய நேர்வுகளைத் தொகுத்தபோது, நைட்ரஜனாகக் கணக்கிட்டு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே நோய் தென்படவில்லை. அமெரிக்க வரம்பு இன்றும் அந்த 10தான். அதை நைட்ரேட்டாக எழுதினால் ஏறத்தாழ 44 வரும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 அதை 45 என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 50 என்கிறது. எனவே அமெரிக்க வரம்பு நம்முடையதைவிட நான்கு மடங்கு கடுமையானது என்று எழுதுவோர் அலகைப் பார்க்காமல் எழுதுகிறார்கள். ஆய்வகத் தாளில் 'நைட்ரேட்: 12' என்று மட்டும் இருந்தால் அது நல்ல நீரா கெட்ட நீரா என்றே சொல்ல முடியாது.

இது சிசுக்களை மனத்தில் வைத்து வகுத்த வரம்பு. அந்தச் சிசுவுக்கே நம் வீடுகளில் என்ன கொடுக்கிறோம்? நன்றாகக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கிருமிக்கு அது சரியான மருந்து. நைட்ரேட்டோ கொதியில் போகாது. நீர் ஆவியாகப் போக, மிஞ்சியதில் அது செறியும். 45 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டரை முக்கால் லிட்டராகச் சுண்டவிட்டால் லிட்டருக்கு 60 ஆகிவிடும். புளோரைடுக்கும் இதே கணக்குத்தான். குளோரினும் வீட்டு வடிகட்டியின் மெழுகுவத்தி வடிவக் களிமண் குழலும் இவ்விரண்டையும் தொடுவதில்லை. 'காய்ச்சிக் குடியுங்கள்' என்ற ஒரே அறிவுரையை எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் சொல்வது இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது.

ஐ.எஸ். 10500 முதலில் 1983இல் வந்தது. இப்போது வழக்கிலிருப்பது 2012ஆம் ஆண்டுப் பதிப்பும் அதன் திருத்தங்களும். அதில் பல பொருள்களுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று ஏற்கத்தக்கது, மற்றொன்று, மாற்று நீராதாரம் இல்லாதபோது பொறுத்துக்கொள்ளத்தக்கது. கரைந்த திடப்பொருள்களுக்கு 500, 2000, மொத்தக் கடினத்தன்மைக்கு 200, 600, குளோரைடுக்கு 250, 1000, புளோரைடுக்கு 1.0, 1.5. நைட்ரேட்டுக்கும் ஈயத்துக்கும் இந்தத் தளர்வு கிடையாது. உப்பும் சுண்ணாம்பும் சம்பந்தப்பட்ட இடத்தில் இரண்டாம் வரம்பில் பெரிய ஆபத்தில்லை. ருசி போகும், பாத்திரத்தில் வெள்ளை படியும், அவ்வளவே. புளோரைடில் அப்படிச் சொல்ல முடியாது. மாற்று ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்பது வேதியியல் கேள்வியும் அல்ல. அது நிதி ஒதுக்கீட்டுக் கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் பல பத்தாண்டுகள் மாற்று இல்லை என்றே சொல்லப்பட்டது. பிறகு ஜப்பானியக் கடனுடன் சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தபோது மாற்று ஆதாரம் உண்டாகிவிட்டது. காவிரி அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

புளோரைடு நோயை இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் கண்டதில் சென்னைக்குப் பங்குண்டு. 1937இல் கிண்டி கிங் நிலையத்தின் ஷார்ட் தலைமையிலான குழு, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் எலும்பு விறைத்துப் போனவர்களைப் பரிசோதித்துக் காரணம் குடிநீர்ப் புளோரைடு என்று காட்டியது. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் ஆகியும் நாம் பயன்படுத்தும் 1.5 என்ற எண், உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவர் நாளுக்கு இரண்டு லிட்டர் குடிப்பார் என்று கொண்டு பேசும் எண்ணோடு ஒத்துப்போகிறது. சித்திரை வெயிலில் கரும்பு வெட்டும் ஆள் இரண்டு லிட்டரோடு நிற்பாரா? ஐந்து லிட்டர் என்று வைத்தால், வரம்புக்கு உட்பட்ட 1.5 மில்லிகிராம் நீரே அவருக்கு நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராம் புளோரைடு தருகிறது. மொத்த உட்கொள்ளல் நாளுக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினால் எலும்புப் பாதிப்பு கூடுவதற்கான அறிகுறிகள் உண்டு என்று அதே நிறுவனம் 2002இல் மதிப்பிட்டது. அந்த 7.5இல் அவர் உண்ணும் சோறும் குழம்பும் உறிஞ்சிய நீர் சேரவில்லை.

வெப்பத்துக்கும் குடிக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பு புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1957இல் காலகனும் வெர்மிலியனும் சராசரி உச்ச வெப்பநிலையை வைத்துப் பற்களுக்கு உகந்த புளோரைடு அளவைக் கணிக்க ஒரு வாய்பாடு தந்தார்கள். ஆண்டுச் சராசரி உச்ச வெப்பம் 33 செல்சியஸ் உள்ள ஊருக்கு அதைப் போட்டால் 0.64 வருகிறது. இது பற்களுக்கு உகந்த அளவே ஒழிய பாதுகாப்பு வரம்பன்று. ஆனாலும் குளிர்நாட்டு எண்ணை வெப்பநாட்டில் அப்படியே வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மக்களின் கவனமோ வேறிடத்தில் இருக்கிறது. ஆர்.ஓ. விற்க வருபவர் பேனா போன்ற கருவியைத் தம்ளரில் நனைத்து 'டி.டி.எஸ். 900' என்று காட்டுகிறார். வீடு பதறிப்போய் எந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கிறது, இல்லாவிட்டால் இருபது லிட்டர் கேனுக்கு மாறுகிறது. அந்தப் பேனா அளப்பது நீரின் மின்கடத்து திறனை மட்டுமே. 300 என்று காட்டும் நீரில் 60 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கலாம், மலக்கிருமியும் இருக்கலாம். இரண்டும் அதன் கண்ணில் படாது. கரைந்த திடப்பொருளுக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வகுக்கவில்லை. ருசியை வைத்தே அது பேசுகிறது. நாக்குக்குத் தெரிவதற்கு அஞ்சுகிறோம், நாக்குக்குத் தெரியாததை விட்டுவிடுகிறோம். ஆர்.ஓ. நைட்ரேட்டையும் புளோரைடையும் நீக்கும் என்பது உண்மை. ஆனால் அது தேவைப்படும் வீடு எது என்று பேனாவால் சொல்ல முடியாது.

இனிக் குழாய்க்கு வருவோம். என் மதிப்பில் அதிக ஆபத்து இங்கேதான். ஹூப்ளி-தார்வாட் நகரங்களில் எமிலி கும்பெல், காரா நெல்சன் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு தமிழக உள்ளாட்சிப் பொறியாளர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. ஒரே சுத்திகரிப்பு நிலையத்து நீர், சில வார்டுகளுக்கு நாள் முழுதும் தொடர்ந்தும், மற்றவற்றுக்குச் சில நாள்களுக்கு ஒருமுறையும் போயிற்று. தொடர் விநியோகக் குழாய்களில் ஈ.கோலை தென்பட்ட மாதிரிகள் 1 விழுக்காட்டுக்கும் கீழே; விட்டுவிட்டுத் தந்த இடங்களில் சுமார் 32 விழுக்காடு. ஐ.எஸ். 10500இன்படி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது. நீர் நிற்கும்போது குழாயில் அழுத்தம் விழுகிறது, இணைப்புகளின் வெடிப்பு வழியே சாக்கடைக் கசிவு உள்ளே வருகிறது. அடுத்த முறை திறந்ததும் முதலில் வரும் நீர் அதைக் குடத்தில் சேர்க்கிறது. வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது இதை இன்னும் மோசமாக்குகிறது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. அப்படிப்பட்ட நாள்களில் குழாய்க்கு வெளியே சூழ்ந்து நிற்பது எத்தகைய நீர் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிரான ஒரே காவல், குழாயில் மிஞ்சும் குளோரின். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்பது விதி. ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது களத்தில் வழங்கும் கணக்கு. நல்ல தூளில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். ஆகவே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் கிடைக்கும். வாய் கட்டாத மூட்டையில் தொட்டிக்கடியில் மாதக்கணக்கில் கிடந்த தூளில் அதில் பாதிகூட இராது. சோதனையும் எளிதுதான். சிறு கண்ணாடிக் குழாயில் நீர் பிடித்து ஆர்த்தோடாலிடின் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். பெட்டியிலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஆனால் விட்ட உடனே பார்க்க வேண்டும். பேசிக்கொண்டே நின்றால், கிருமியைக் கொல்லும் வலு குறைந்த சேர்ம குளோரினும் மஞ்சளாகி அளவைக் கூட்டிக் காட்டும். இரும்பும் நைட்ரைட்டும் இருந்தாலும் பொய் மஞ்சள் வரும். நைட்ரேட் மிகுந்த வட்டாரத்தில் இந்தக் கடைசி விஷயத்தைச் சோதனை செய்பவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

எத்தனை முறை சோதிப்பது? ஊரகப் பகுதிகளுக்கான ஜல் ஜீவன் வழிகாட்டுதல் வேதிச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறையும் நுண்ணுயிர்ச் சோதனையை இரு முறையும் கேட்கிறது. உலக சுகாதார நிறுவனமோ ஐயாயிரம் பேருக்குக் குறைந்த குழாய்த் திட்டத்துக்கே ஆண்டுக்கு 12 நுண்ணுயிர் மாதிரிகள் வேண்டும் என்கிறது. ஒரு குழாயில் பத்தில் ஒரு நாள் கிருமி இருக்கிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு இரண்டே மாதிரி எடுத்தால் இரண்டும் சுத்தம் என்று வர 81 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு எடுத்தால் அது 28 ஆகக் குறைகிறது. 'வரம்புக்குள்' என்ற சான்றில் எவ்வளவு நீரின் குணம், எவ்வளவு மாதிரியின் அதிர்ஷ்டம் என்பதை இந்த இரண்டு எண்கள் சொல்லிவிடும். 2019 நவம்பரில் மத்திய அரசு மாநிலத் தலைநகரங்களின் குழாய்நீர் முடிவுகளை வெளியிட்டபோது மும்பையின் பத்து மாதிரிகளும் தேறின. சென்னையின் பத்தும் தேறவில்லை. டெல்லியின் பதினொன்றும் அப்படியே. கோடி பேர் குடிக்கும் நகருக்குப் பதினொரு குழாய் போதுமா என்று எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. அந்த நியாயம் பத்தும் தேறிய மும்பைக்கும் பொருந்தும் என்பதை எதிர்த்தவர்கள் கவனிக்கவில்லை.

எங்கே அளப்பது? கடைக்கோடிக் குழாயில் அளந்தால் வீட்டு மோட்டார்களின் குற்றம் எங்கள் தலையில் விழும் என்பது பொறியாளர்கள் சொல்லும் மறுப்பு. அழுத்தம் போதாததால்தான் மோட்டார் வருகிறது. அதனால் இதை மறுப்பாகவே எடுத்துக்கொள்ள முடியவில்லை. குளோரினைத் தண்ணீர் திறந்த முதல் கால்மணிக்குள், வரிசையின் கடைசிக் குழாயில் அளக்க வேண்டும். நைட்ரேட்டுக்கு முறை வேறு. அது கிணற்று நீரிலேயே கரைந்து வருவதால் தொட்டிக்குப் போகும் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றையும் தனித்தனியே, மழைக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் அளக்க வேண்டும். ஒரே தொட்டிக்கு ஒரே வேகத்தில் இறைக்கும் மூன்று கிணறுகளில் 30, 40, 80 என்று இருப்பதாக வைத்துக்கொண்டால் தொட்டியில் 50 இருக்கும். அதாவது வரம்புக்கு மேல். மூன்றாம் கிணற்றைக் குடிநீரிலிருந்து விலக்கி மற்ற இரண்டை மட்டும் ஏற்றினால் 35. பனமலை ஏரி போன்ற ஏரிகளுக்கு நந்தன் கால்வாயில் நீர் வரும் ஆண்டுகளில் கரையோரக் கிணறுகளையும் இந்தக் கலவையில் சேர்த்துப் பார்க்கலாம். இதற்குப் புதிய எந்திரம் எதுவும் தேவையில்லை. எந்தக் கிணற்றை நிறுத்துவது என்று தெரிந்தால் போதும். தொட்டி நீரின் சராசரி எண் அதைச் சொல்லாது.