பினாங்குக் கூத்துமேடையும் தோட்டத்துத் தம்பதிகளும்

கணவனும் மனைவியுமாக ஒரு பட்டணத்திற்குச் சென்று, ஆட்டமோ பாட்டோ கண்டு களித்து வீடு திரும்புவது சரித்திரம் எழுதத்தக்க விஷயமாகப் பலருக்குத் தோன்றாது. தாசேக் கெலுகோரிலிருந்து பினாங்கிற்குப் போய்வரும் தம்பதிகளைக் கண்டால், பொழுதுபோக்கிற்காகப் போகிறார்கள் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தப் பொழுது அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது, அந்தப் பாதை யாருக்காகத் திறந்தது, மேடைக்கு எதிரே மனைவிக்கும் ஓர் ஆசனம் எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்கத் தொடங்கினால், விடையாகக் கிடைப்பது நம் தோட்டத்து மக்களின் சரித்திரமேயாகும்.

முதலில் மேடையைப் பார்ப்போம். 1786இல் ஆங்கிலேயர் கைக்கொண்ட பினாங்கு, பல தேசத்தார் வந்திறங்கிய துறைமுகம். ஆட்கள் வந்தபோது அவர்களுடைய கூத்துக்களும் உடன் வந்தன. முஹர்ரம் காலத்தில் தெருத்தெருவாகப் பாடி ஆடிய போரியா, சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்களோடு வந்தது என்பர்; நாளடைவில் அது மலாய்ப் பாட்டாகி இந்நாட்டுக்கே உரியதாயிற்று. பின்னர் பம்பாய்ப் பார்சி நாடகக் கம்பெனிகள் வந்து ஹிந்துஸ்தானியில் நடித்தன. அவற்றைப் பின்பற்றி 1885இல் மாமாக் பூஷி என்பவர் மலாய் மொழியில் ஒரு நாடகக் கம்பெனியை நிறுவினார். பங்சாவான் என்னும் நாடகக்கலை இவ்வாறு பினாங்கிலேயே வேரூன்றியது. அரபுக் கதை, இந்தியக் கதை, ஷேக்ஸ்பியர் கதை யாவும் அம்மேடையில் ஏறின. பங்சாவான் என்றால் உயர்குடியார் என்பது பொருள்; ஆயினும் டிக்கட் வாங்கிப் பார்த்தவர் எல்லாக் குடியினருமே. பிற்காலத்தில் பெண்களே கதாநாயகிகளாக நின்று பெரும்புகழ் எய்தினர். அடுத்து வந்த நியூ வேர்ல்டு போன்ற கேளிக்கைத் தோட்டங்களில் நாடகமும், சினிமாவும், நடனமும் ஒரே வேலிக்குள் நடந்தன.

இத்தனையும் நடந்த பட்டணத்திற்கும் தாசேக் கெலுகோருக்கும் இடையே கடலையும் சேர்த்து இருபத்தைந்து மைலுக்கு மேல் இராது. எனினும் லயத்தில் வாழ்ந்த பெண்ணுக்கு அது வெகுதூரம். 1910 வரை ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. அதன் பின்னும் கங்காணி முறை நீடித்தது. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும், பெண்ணுக்கு 40 காசும் கூலியாக நிர்ணயிக்கப்பட்டன. பால்மரக் காட்டில் அவளும் வேலை செய்தாள். வீடு திரும்பி அடுப்பையும் அவளே மூட்டினாள். ஆணின் மாலைப்பொழுதிற்குத் தோட்டத்திலேயே கள்ளுக்கடை வைத்துக் கொடுத்தார்கள். பெண்ணின் மாலைப்பொழுதைப் பற்றி நினைத்தவர் யார்? அவள் பட்டணம் கண்டது பெரும்பாலும் தைப்பூசத்தில்தான். 1894 முதல் வெள்ளி இரதம் ஓடும் அத்திருநாளில் குடும்பத்தோடு போவதை எவரும் குறை சொல்லவில்லை. பக்தியின் பெயரால் கிடைத்த பிரயாணம், சந்தோஷத்தின் பெயரால் கிடைக்கவில்லை.

பாதையின் கதையும் இத்தகையதே. செபராங் பிறையில் சாலையும் இருப்புப்பாதையும் போடப்பட்டது கரும்பையும் ரப்பரையும் கப்பலுக்குக் கொண்டுசெல்வதற்கேயன்றி, கூலிக்காரன் தன் மனைவியோடு கூத்துப் பார்க்கப் போவதற்கன்று. 1925இல் மோட்டார் வண்டிகளை ஏற்றும் படகுகள் பட்டர்வொர்த்திலிருந்து ஓடத் தொடங்கின. ஆயினும் சரக்குக்காகப் போட்ட சாலையில் மனிதர்களும் நடந்தே தீருவார்கள். சிறுகச் சிறுகத் தோட்டத்து மக்களும் பஸ் ஏறி, படகு ஏறி அக்கரை சேர்ந்தனர். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பின் அக்கரை என்ற பேச்சே குறைந்தது. 2021 முதல் அப்படகுகள் மோட்டார் கார்களை ஏற்றுவதுமில்லை.

இச்சரித்திரத்தில் நாம் மறக்கலாகாத ஒரு தம்பதியர் உண்டு. 1929 டிசம்பரில் ஈ. வெ. இராமசாமிப் பெரியாரும் நாகம்மையாரும் கப்பலில் பினாங்கு வந்திறங்கினர். அவர்கள் கேளிக்கைக்காக வந்தவர்களல்லர்; சீர்திருத்தம் பேச வந்தவர்கள். ஆயினும் பொதுக் காரியத்திற்காகக் கடல் கடக்கும் ஒருவர் மனைவியை வீட்டில் விட்டு வராமல் உடன் அழைத்து வந்ததும், அந்த அம்மையார் பொதுவாழ்வில் சம பங்கு கொண்டவராய் இருந்ததும், வாயால் செய்யாத ஒரு பிரசங்கம் என்றே சொல்ல வேண்டும்.

இன்று ஜார்ஜ் டவுன், 2008இல் உலகப் பாரம்பரிய நகரமாக ஏற்கப்பட்டு, 2010 முதல் கலைவிழாவும் நடத்தி, தேசதேசங்களிலிருந்து ஜோடி ஜோடியாக மக்களை வரவேற்கிறது. பாலம் இருக்கிறது, பாதை இருக்கிறது. ஆனால் நம் வீடுகள் சிலவற்றில் கணவன் சிநேகிதர்களோடு பட்டணம் போவதும், மனைவி வாசலில் நின்று வழியனுப்புவதும் இன்னும் மாறவில்லை. கேட்டால், "பெண்களுக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார்கள். வேலை ஒன்றும் இல்லாமல் ஒரு நாள் இருப்பதற்காகத்தான் போக வேண்டும் என்கிறோம் நாம். மூன்று தலைமுறை வேலை செய்தவளுக்கு அந்த ஒரு நாள் கடனாகவே நிற்கிறது.

கடலுக்குப் பாலம் போடச் சர்க்கார் வேண்டும். இந்தக் கடனைத் தீர்க்க அவரவர் வீட்டில் இரண்டு டிக்கட் போதும். இரண்டாவது டிக்கட் யாருடையது என்பதை ஆண்மக்கள் சிந்திப்பார்களாக.