எறங்கிப் போன சைக்கிள்

மயிலாடுதுறையில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சைக்கிள் ஓட்டும் குழு ஒன்று இருக்கிறது. தலைக்கவசம், கியர் வண்டி எல்லாம் உண்டு. பூம்புகார், தரங்கம்பாடி, வைத்தீஸ்வரன்கோயில் என்று வாரம் ஒரு பக்கம் போய்வந்து எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு எழுதி வைப்பார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவனும் அதில் இருக்கிறான். ஆண்டுவிழா மலருக்கு இந்தப் பகுதியில் சைக்கிள் வந்த வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தது.

"எல்லாம் நல்லாருக்கு சார். அந்த எறங்குற விஷயம் மட்டும் வேணாமே. வெளையாட்டுல சாதி எதுக்கு?"

எறங்குற விஷயத்தை எடுத்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சைக்கிளுக்கு வரலாறே கிடையாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மாயவரத்துக்குத் தெற்கே. 1982-ல் மயிலாடுதுறை என்று பெயர் மாற்றினாலும் எங்கள் கிழவிகள் கடைசிவரை மாயவரம் என்றுதான் சொன்னார்கள். சேரியிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர இரண்டு வழி. ஒன்று ஊர்த்தெரு வழியாகக் கப்பி ரோடு. இன்னொன்று வாய்க்கால் கரை. ஐப்பசி கார்த்திகையில் அதில் முழங்கால் சேறு.

அம்பத்தூரில் டி.ஐ. கம்பெனி 1949-ல் தொடங்கியது. அங்கே செய்த ஹெர்குலிஸ் வண்டி எங்கள் சேரிக்குப் பல கை மாறித்தான் வந்து சேர்ந்தது. டவுனில் அரிசி மில்லில் மூட்டை தூக்கிய அப்பா 1974-ல் ஒன்று வாங்கினார். பெல் கிடையாது, பின் மட்கார்டு பாதிதான். அப்பா அதைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பார். அம்மா தலைக்கு எண்ணெய் இல்லை என்று சத்தம் போடுவாள்.

ஊர்த்தெரு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு பிள்ளையார் கோயில். அங்கே வந்ததும் அப்பா இறங்குவார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார். கேரியரிலிருந்து என்னையும் இறக்குவார். நாற்பது வீடு தாண்டும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்போம். திண்ணையிலிருந்து யாராவது, "என்னடா, வண்டிலாம் வாங்கிட்டியா?" என்பார்கள். "ஆமாங்க ஆண்டே." அவ்வளவுதான். தெரு முடிந்ததும் ஏறுவார். தள்ளுகிற வண்டிக்கு யாரும் கோபப்பட்டதில்லை.

ஒருநாள் நல்ல மழை. "நான்தான் ஓட்டலயே, நான் ஏம்ப்பா எறங்கணும்?" என்று கேட்டேன். "ஓட்டல. ஒசரத்துல ஒக்காந்திருக்கல்ல" என்றார். அதற்குமேல் எந்த ஆராய்ச்சியாளரும் எனக்கு விளக்கியதில்லை. திண்ணையில் இருப்பவர் கண்ணைவிட எங்கள் கண் மேலே இருக்கக்கூடாது. குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே என்றவர்களுக்குச் சைக்கிள் புதுச் சாமான். சட்டம் பழசு.

உண்மையான சட்டம் என்ன சொன்னது? பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924-ல். அரசமைப்பின் 17-வது பிரிவு 1950-ல். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-ல். என் அப்பா பிள்ளையார் கோயிலில் இறங்கியது 1974-ல். சீனிவாசன் தீர்மானத்துக்கு அன்றைக்கு வயது ஐம்பது.

செங்கொடி இந்த மண்ணில் சாட்டையடியையும் சாணிப்பாலையும் ஒழித்தது. 1940-களின் அந்தப் போராட்டத்தை மறந்தால் நாம் மனிதர்களே அல்ல. கூலி கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். கூலி அவ்வளவு பெரிய விஷயம்தான். ஆனால் நான் சிறுவனாகக் கேட்ட மேடைகளில் கூலியைப் பேசினார்கள், குத்தகையைப் பேசினார்கள். தெருவில் ஏறிப் போவதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. தோழர்கள் கோபித்துக்கொள்ளலாம். நான் கேட்காததைக் கேட்டேன் என்று எழுத முடியாது.

1991 அம்பேத்கர் நூற்றாண்டு. எங்கள் சேரியிலும் பையன்கள் சேர்ந்து கீற்றுக்கொட்டகை போட்டு அம்பேத்கர் படம் மாட்டினோம். ஏப்ரல் 14 அன்று டவுனில் வாடகைக்கு ஒன்பது சைக்கிள் எடுத்தோம். கைப்பிடியில் நீலத்துணி. பிள்ளையார் கோயில் வந்தது. யாரும் இறங்கவில்லை. வீரமாகப் போனோம் என்று எழுத ஆசைதான். பயத்தில் எனக்குப் பெடலில் கால் நிற்கவில்லை. பாதித் தெருவில் ஒருவர் ஊன்றுகோலைச் சக்கரத்துக்குள் விட்டார். போக்ஸ் கம்பி நாலு போச்சு, ஒருவனுக்கு முட்டி பெயர்ந்தது. அவனைப் பாரில் வைத்துக்கொண்டு ஏறித்தான் போனோம்.

அடிக்க வரவில்லை. அடுத்த வாரம் வாடகைக்குப் போனால், "ஒங்க ஊர்க்காரங்களுக்கு வண்டி இல்லப்பா" என்றார் கடைக்காரர். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அடியைவிட அது சுலபம்.

அப்புறம்தான் எங்கள் சைக்கிள் சங்கம். பெயர்கூட வைக்கவில்லை. ஆளுக்கு மாதம் இருபது ரூபாய் சீட்டு; சேர்ந்ததும் ஒரு பழைய வண்டி. ஒன்றரை வருஷத்தில் ஐந்து வண்டி. பங்க்சர் நாங்களே ஒட்டினோம். யார் எப்போது எடுக்கலாம் என்று ஒரு நோட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு முதல் உரிமை, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அடுத்து. கல்யாணத்துக்குக் கேட்டால் கிடையாது. அதில் ஒரு பெரிய சண்டையே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் கற்பதாகச் செய்தி வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். கல்குவாரியில் வேலை செய்கிற பெண்கள், கூலிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் வண்டியில் பழகி, பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. இதைக் கேட்ட எங்கள் அத்தை நோட்டில் பெயர் எழுதச் சொன்னாள். பையன்கள் சிரித்தார்கள். ஊர்த்தெருவில் இறங்க மாட்டோம் என்ற அதே பையன்கள்தான். அத்தை ராத்திரியில் களத்தில் பழகினாள். நாற்று நடவுக்குச் சைக்கிளில் போன முதல் ஆள் எங்கள் சேரியில் அவள்தான். 2001-ல் பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் தலித், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. அத்தை அதைப் பார்த்து, "நாங்க இருட்டுல வுழுந்து எந்திரிச்சோம், இதுங்களுக்கு வெளிச்சத்துலயே குடுக்குறான்" என்றாள்.

மலர்க்காரர்களின் குழு வைத்தீஸ்வரன்கோயில் போகும்போது திருப்புன்கூர் வரை போய் விலகிய நந்தியைப் படமெடுத்து வரும். நந்தி விலகியது, நந்தனார் உள்ளே போகவில்லை. அவர் நின்ற வாசலை யாரும் படமெடுப்பதில்லை.

அப்பா கடைசிவரை அந்தக் கோயிலருகே இறங்கினார். யாரும் கேட்காத காலத்திலும். திட்டினால், "காலு தானா எறங்குதுடா" என்பார்.

திரும்பி வந்த கட்டுரையை எங்கள் தெருப் பையன் மட்டும் வாங்கிப் படித்தான். "பெரியப்பா, தாத்தா எறங்குனது எந்த எடம்?" என்றான். கூட்டிப்போய்க் காட்டினேன். கோயிலைப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். முன்னால் அவர்கள் வண்டி நிறுத்தும் கொட்டகை.