அட்டன்பரோ: ஒரு அபூர்வ சர்நேமின் கதை

பி.காம் படிக்கிற யாரும் இந்தப் பெயரைத் தாண்டி வந்திருக்க முடியாது. மெர்கண்டைல் லா பேப்பரில் "பிடித்தால் வைத்துக்கொள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு" என்று சரக்கு அனுப்புவது பற்றி ஒரு பகுதி வரும். சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 24. அதற்கு உதாரணமாக எல்லா கைடுகளிலும் இருக்கும் கேஸ், கிர்க்காம் எதிர் அட்டன்பரோ, 1897.

மறந்து போனவர்களுக்காகச் சுருக்கமாக: கிர்க்காம் நகை செய்கிறவர். வின்டர் என்பவரிடம் "விற்றால் காசு, இல்லாவிட்டால் நகை" என்ற கணக்கில் நகைகளைக் கொடுக்கிறார். வின்டர் அதை நேராகக் கொண்டுபோய் அட்டன்பரோ என்ற அடகுக்கடைக்காரரிடம் வைத்துப் பணம் வாங்கிக்கொள்கிறார். கிர்க்காம் அடகுக்கடைமேல் வழக்குப் போடுகிறார். கோர்ட் என்ன சொன்னது? அடகு வைத்த நிமிடமே வின்டர் அந்த நகையைத் தன் சொத்தாக ஏற்றுக்கொண்டுவிட்டார், ஆகவே உரிமை அவருக்கு மாறிவிட்டது, கடைக்காரரிடம் கேட்க முடியாது. ஐந்து மார்க் கேள்வி. எழுதிவிட்டு எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் 1982-ல் வந்த "காந்தி" படத்தை எடுத்தவர் பெயரும் அட்டன்பரோதான். எட்டு ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோ. கொரில்லாக்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு கிசுகிசுக் குரலில் பேசிய டேவிட் அட்டன்பரோ அவருடைய தம்பி. அப்படியென்றால் லண்டன் அடகுக்கடைக்காரரும் இவர்களும் ஒரே குடும்பமா? ஸ்மித் என்ற பெயராக இருந்தால் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். பிரிட்டனில் ஸ்மித்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அட்டன்பரோ என்பது அபூர்வமான பெயர். அதனால்தான் கேள்வி வருகிறது, அதனால்தான் அதற்கு ஓரளவு பதிலும் இருக்கிறது.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். நாட்டிங்ஹாம் நகரத்துக்குத் தென்மேற்கே, ட்ரென்ட் ஆற்றின் வடகரையில், அட்டன்பரோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பழைய தேவாலயம் ஒன்று உண்டு. மன்னன் முதலாம் சார்லஸின் மரண தண்டனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரும் கிராம்வெல்லின் மருமகனுமான ஹென்றி அயர்ட்டன் 1611-ல் ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான். ஆற்றங்கரையில் ஜல்லி தோண்டித் தோண்டி உண்டான பள்ளங்களில் தண்ணீர் நிரம்பி ஏரிகளாகிவிட, அதைப் பறவைகள் சரணாலயமாக்கினார்கள். 1966-ல் அதைத் திறந்து வைத்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? டேவிட் அட்டன்பரோதான் :-)

ஊர்ப்பெயருக்கு அர்த்தம் எளிது. 12-ம் நூற்றாண்டு ஆவணங்களில் "அடின்பர்ஹா" என்கிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். அட்டா என்ற பெயருடைய ஒருவனோடு சேர்ந்த "பர்ஹ்", அதாவது கோட்டை அல்லது அரண் கட்டிய இடம். அந்த அட்டா யார், என்ன செய்தான் என்பதற்கு ஒரு வரி கூட மிச்சமில்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

சர்நேம் இந்த ஊரிலிருந்துதான் வந்ததா என்பதில் சின்னச் சண்டை உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் "அட்டன்" என்றால் "அந்த இடத்தில்" என்று பொருள். ஆஷ் மரத்தடியில் குடியிருந்தவனை "அட்டன் ஆஷ்" என்றார்கள், அது தேய்ந்து நாஷ் என்ற சர்நேம் ஆனது. அதே மாதிரி "அட்டன் பரோ" என்றால் கோட்டைப் பக்கத்தில் இருப்பவன் என்று சொல்லிவிடலாமே? கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் உயிரில்லாத பொருள்களுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. கோட்டையைக் குறிக்கும் சொல் பெண்பால். அதற்கு "அட்டன்" வராது, "அட்டர்" வர வேண்டும். உண்மையில் அப்படி வந்த சர்நேமும் இருக்கிறது: அட்டர்பரி. குன்றைக் குறிக்கும் சொல் ஆண்பால் என்பதால் "அட்டன்" அதற்குப் பொருந்தும், அதைக் காட்டிச் சிலர் குன்றடியில் குடியிருந்தவன் என்றும் சொல்வார்கள். பால் வேறுபாடெல்லாம் பின்னாளில் குழம்பிப் போனதால் இலக்கணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதும் உண்மை. ஆனால் இந்தப் பெயர்க்காரர்கள் காலம் காலமாக மண்டிக் கிடக்கிற இடம் நாட்டிங்ஹாம்ஷயரும் அதன் சுற்றுவட்டாரமும். இங்கிலாந்தில் குன்றுக்கும் கோட்டைக்கும் எங்கேயும் பஞ்சமில்லை. அங்கெல்லாம் முளைக்காத பெயர் இந்த ஊரைச் சுற்றி மட்டும் ஏன் முளைக்க வேண்டும்? ஊர்ப்பெயர் கட்சிதான் பலமாகத் தெரிகிறது.

ஊர்ப்பெயர் சர்நேம் ஆவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அட்டன்பரோவிலேயே இருக்கிறவனை யாரும் அட்டன்பரோக்காரன் என்று கூப்பிட மாட்டார்கள். அங்கே எல்லோருமே அட்டன்பரோக்காரர்கள்தானே! ஊரை விட்டுக் கிளம்பிப் பக்கத்து ஊரில் போய்க் குடியேறினவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். இங்கிலாந்தில் 1066-ல் நார்மன்கள் வந்த பிறகு பெரிய பிரபுக்கள் முதலில் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள், காரணம் நிலம். மகனுக்கு நிலம் போக வேண்டுமென்றால் பெயரும் போக வேண்டும். சாதாரண ஜனங்களிடம் அது மெதுவாகப் பரவியது. 1377, 1379, 1381 என்று அடுத்தடுத்துத் தலைவரி போட்டபோது ஆள் கணக்கு எழுதுகிறவனுக்கு பத்து ஜானில் எந்த ஜான் என்று தெரிய வேண்டியிருந்தது. ஏறக்குறைய 1400-க்குள் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வருகிற சர்நேம் வந்துவிட்டது. நம்மூரில் அப்பா பெயர் இனிஷியலாகி அடுத்த தலைமுறையில் காணாமல் போய்விடும், அங்கே அது 700 வருடம் ஓடுகிறது. 1538-லிருந்து சர்ச்சுகளில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எழுதுகிறவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுத்து. அட்டன்பாரோ, அட்டன்பர்ரோ என்றெல்லாம் பிரிந்தது இப்படித்தான்.

சரி, ஒரு பெயர் ஏன் அபூர்வமாகவே இருந்துவிடுகிறது? இதை முதலில் கணக்காகக் கேட்டவர் பிரான்சிஸ் கால்டன். பெரிய மனிதர்களின் குடும்பங்கள் அழிந்து போகின்றனவே, அது ரத்தம் பலவீனப்படுவதாலா அல்லது வெறும் தற்செயலா என்று 1873-ல் ஒரு பத்திரிகையில் கேள்வி போட்டார். வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுத, இருவரும் சேர்ந்து 1874-ல் கட்டுரை வெளியிட்டார்கள். கணக்கு இதுதான். பெயரைக் கொண்டுபோவது மகன்கள் மட்டும். ஒருவனுக்கு மகனே இல்லாமல் போகலாம், ஒன்று இருக்கலாம், ஐந்து இருக்கலாம். ஒரே ஒரு ஆளில் தொடங்கிய பெயருக்கு முதல் சில தலைமுறைகள்தான் கண்டம். அதைத் தாண்டினால் பெருகும், தாண்டாவிட்டால் முடிந்தது. வாட்சன் கடைசியில் எல்லாப் பெயரும் ஒரு நாள் அழிந்தே தீரும் என்று எழுதியது தவறு. சராசரி மகன்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு என்பதுதான் சரியான விடை. ஆனால் முக்கியமான விஷயம் நிலைத்துவிட்டது: குடும்பம் அழிவதற்கு ரத்தத்தில் குறை இருக்க வேண்டியதில்லை, தாயக்கட்டை சரியாக விழவில்லை என்றாலே போதும். கேள்வி கேட்ட கால்டனுக்கே குழந்தைகள் இல்லை.

இந்தக் கணக்கு பேப்பரிலேயே இருந்தது, டி.என்.ஏ. வரும் வரை. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். இங்கிலாந்தில் சர்நேமும் அப்படியே. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகிற இரண்டு சக்கரங்கள். அப்படியானால் ஒரே சர்நேம் உள்ள ஆண்களுக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம் இருக்க வேண்டுமே? லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டுரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 40 சர்நேம்களை எடுத்துக்கொண்டு 1,678 ஆண்களைச் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். பெயர் அபூர்வமாக ஆக ஆக ஒற்றுமை கூடியது. ஒரே மூதாதையரிடமிருந்து வந்த கூட்டங்களில் அடங்குகிறவர்கள் சராசரியாக 62 சதவீதம். ஸ்மித் மாதிரியான பெயர்களில் ஒற்றுமையே இல்லாத நிலை, ஏனென்றால் ஊருக்கு ஒரு கொல்லன் இருந்தான், எல்லாக் கொல்லனும் ஸ்மித் ஆனான். பட்டியலில் உச்சத்தில் நின்றது அட்டன்பரோ. 87 சதவீதம்!

அதாவது, எழுத்து மாறிய பெயர்க்காரர்களையும் சேர்த்து, பத்தில் ஏறக்குறைய ஒன்பது அட்டன்பரோக்கள் ஒரே ஒரு ஆணின் வாரிசுகள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நமக்குத் தெரிந்த ஒரு கணக்கால் பார்க்கலாம். தேய்மானத்தில் குறைந்து செல் மதிப்பு முறை இருக்கிறதல்லவா, அதேதான். 700 வருடம், தலைமுறைக்கு 30 வருடம் என்றால் சுமார் 23 தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் வெறும் 2 சதவீதக் குழந்தைகளுக்கு அப்பா வேறு ஆள் என்று வைத்துக்கொண்டால்கூட, 23 தலைமுறை கழித்து மிஞ்சுவது 63 சதவீதம்தான். 1 சதவீதம் என்றால் 79. 87 வரவேண்டுமென்றால் தேய்மானம் 0.6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

உடனே "அட்டன்பரோ வீட்டுப் பெண்கள் எல்லோரும் உத்தமிகள்" என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த 23 என்ற எண்ணில்தான் பிடி இருக்கிறது. 1300-களில் இந்தப் பெயரோடு பத்து ஆண்கள் கிளம்பியிருந்து, ஒன்பது பேர் கிளை பட்டுப்போய், ஒருவன் கிளை மட்டும் செழித்திருந்தாலும் இன்றைக்கு அதே 87 வரும். பொது மூதாதை 700 வருடத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய அவசியமில்லை, பின்னால் வந்தவனாகவும் இருக்கலாம். அப்படியானால் தேய்மானம் ஓடிய வருடங்களும் குறைவு. பெயரை முதலில் சூட்டிக்கொண்டவன் யார் என்பதை இன்றைய டி.என்.ஏ.வை வைத்து நம்பிச் சொல்ல முடியாது என்று ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்கிறார்கள். வழி தவறுவதற்குக் கள்ள உறவு மட்டும் காரணமும் இல்லை. தத்து எடுப்பது, கல்யாணம் ஆகாத தாயின் பெயரைப் பிள்ளை வைத்துக்கொள்வது, மாமனார் சொத்துக்காகப் பெயரை மாற்றிக்கொள்வது, எல்லாமே இதில் சேரும்.

அரச குடும்பமே தப்பவில்லை. லெஸ்டரில் ஒரு கார் பார்க்கிங்கின் அடியில் 2012-ல் தோண்டி எடுத்த எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்ட் மன்னனுடையது என்று தாய்வழி டி.என்.ஏ. காட்டியது. ஆனால் ஆவணப்படி அவனுடைய ஆண்வழி உறவினர்களாக இருக்க வேண்டியவர்களின் ஒய் குரோமோசோம் அவனோடு பொருந்தவில்லை. நடுவில் எங்கேயோ நூல் அறுந்திருக்கிறது. 2014-ல் இதை வெளியிட்ட குழுவின் முன்னணியில் இருந்தவரும் அதே டுரி கிங்தான்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அந்த 87 சதவீத அட்டன்பரோக்களின் ஒய் குரோமோசோம் எந்த வகை? இ1பி1பி1 என்ற வகை. பிரிட்டனில் அது மிகக் குறைவு. வட ஆப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகள், பால்கன் பகுதி, இங்கெல்லாம்தான் அது நிறைய. பழைய ஆங்கிலத்தில் முளைத்த பெயர், ட்ரென்ட் ஆற்றங்கரைக் கிராமம், தேவாலயம், எல்லாம் சுத்த இங்கிலீஷ். ஆண்வழி மட்டும் எங்கோ தெற்கிலிருந்து வந்திருக்கிறது! ரோமானியப் படையோடு வந்தவனா, வியாபாரியா, அதற்கும் முன்னால் பல ஆயிரம் வருடமாக ஐரோப்பாவில் மெதுவாக நகர்ந்து வந்த வழியா, யாரும் சொல்ல முடியாது. இதே குழு 2007-ல் கிழக்கு யார்க்ஷயரைச் சேர்ந்த இன்னொரு அபூர்வ சர்நேமில் 18 ஆண்களைச் சோதித்தபோது ஏழு பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கே உரிய வகை ஒன்று இருந்தது. அவர்கள் எல்லோரும் பார்வைக்கு வெள்ளைக்காரர்கள்தான்.

இதைக் கேட்டுவிட்டு அட்டன்பரோக்கள் ஆங்கிலேயர்களே இல்லை என்று கிளம்புவதும், கேட்பதற்கு முன்னால் தாங்கள் கலப்பில்லாத ஆங்கிலேயர்கள் என்று பெருமை பேசுவதும் ஒரே மடமைதான். 23 தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 83,88,608 மூதாதை இடங்கள் வருகின்றன (ஒரே ஆள் பல இடங்களில் வருவார், அது வேறு). சர்நேமும் ஒய் குரோமோசோமும் அவற்றில் ஒரே ஒரு இடத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. அம்மாக்கள், பாட்டிகள், அவர்களுடைய அப்பாக்கள், யாருமே இந்தக் கணக்கில் இல்லை.

லெஸ்டர் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருக்கலாம். ரிச்சர்டு, டேவிட் இருவரின் தந்தை பிரெடரிக் அட்டன்பரோ 1932 முதல் 1951 வரை அங்கே யுனிவர்சிட்டி காலேஜின் முதல்வர். 1957-ல் அதுதான் லெஸ்டர் பல்கலைக்கழகம் ஆனது. அவர் பெயரில் 18 மாடிக் கட்டடம் ஒன்று அந்த வளாகத்தில் நிற்கிறது. 1984-ல் அலெக் ஜெஃப்ரிஸ் டி.என்.ஏ. கைரேகையைக் கண்டுபிடித்ததும், பின்னால் அட்டன்பரோக்களின் ஒய் குரோமோசோமைப் பிரித்துப் பார்த்ததும் அதே பல்கலைக்கழகத்தில். பிரெடரிக் என்ன படித்தவர் தெரியுமா? பழைய ஆங்கிலம்! ஆதி ஆங்கில மன்னர்களின் சட்டங்களைப் பதிப்பித்து மொழிபெயர்த்து 1922-ல் புத்தகமாகக் கொண்டுவந்தவர். தன் பெயருக்குள் இருக்கும் "பர்ஹ்" என்ற சொல்லை அவர் எத்தனை முறை அந்தச் சட்டங்களில் படித்திருப்பார்! 1939-ல் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த இரண்டு யூதச் சிறுமிகளை அந்த வீடு ஏற்று வளர்த்தது. எந்தக் குரோமோசோம் கணக்கிலும் அவர்கள் அட்டன்பரோக்கள் கிடையாது.

கடைசியாக அந்த அடகுக்கடைக்காரர். விக்டோரியா காலத்து லண்டனில் அட்டன்பரோ என்றாலே அடகுக்கடை என்று ஜனங்களுக்குப் புரியும் அளவுக்கு அந்தக் குடும்பம் கடை விரித்திருந்தது. 1897-ல் கிர்க்காமிடம் ஜெயித்தவர்கள் 1913-ல் பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றார்கள். அது அட்டன்பரோ எதிர் சாலமன். உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களில் ஒருவர் வெள்ளிப் பாத்திரங்களைக் கொண்டுவந்து அடகு வைத்தார். எஸ்டேட் வேலை முடிந்து பல வருடம் ஆகிவிட்டதால் அவர் அப்போது வெறும் டிரஸ்டிதான், தனியாக அடகு வைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று சொல்லி வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். இவர்களும் "காந்தி" எடுத்தவரும் ஒரே ஆணின் வாரிசுகளா? குறிப்பிட்ட இரண்டு பேரைப் பற்றி டி.என்.ஏ. இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பேருமே அந்த 87-க்குள் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று 0.87-ஐ 0.87-ஆல் பெருக்கிப் பார்த்தால் 76 சதவீதம் வருகிறது.

அடகு வைப்பவர் யார் என்பதைக்கூட இவ்வளவு தூரம் விசாரித்திருந்தால் 1913-ல் வெள்ளிப் பாத்திரம் கையை விட்டுப் போயிருக்காது.