பரண்மேல் ஒன்பது வருடம்

என் அப்பா வாட்சைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்பார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மருந்துக்கடைத் திண்ணையில் கண்ணாடிப் பெட்டி போட்டு உட்கார்ந்திருந்த ரிப்பேர்காரர் அவர். யார் கழற்றிக் கொடுத்தாலும் முதலில் காதோரம்தான் போகும். "பேலன்ஸ் நொண்டுது" என்பார். இல்லையென்றால், "எண்ணெய் காஞ்சுபோச்சு, பிரிச்சுக் கழுவணும்." லென்ஸைக் கண்ணில் செருகுவதெல்லாம் அதற்கப்புறம்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில், துபாயிலிருந்து வந்திருந்த அக்கா மகன் கையில் ஜெனித் வாட்ச் ஒன்றைப் பார்த்தேன். எல் பிரிமெரோ. வாங்கி நானும் காதில்தான் வைத்தேன். அப்பா கடையில் கேட்டுப் பழகிய சாவி வாட்சுகள் பெரும்பாலும் விநாடிக்கு ஐந்து அடி அடிக்கும். இது பத்து. மணிக்கு 36,000. டிக், டிக் என்று பிரித்தெடுக்க முடியாது. அடுத்த தெருவில் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரே இழுவை.

"என்ன மாமா, எல்லாரும் விலை கேப்பாங்க, நீங்க காதுல வைக்கிறீங்க" என்று சிரித்தான்.

விலை எனக்குத் தெரியும். அந்த மெஷின் எடைக்குப் போக இருந்த கதையும் தெரியும். அவனுக்குத் தெரியவில்லை.

சுவிட்சர்லாந்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஜூரா மலையில் லெ லோக்ல் என்று ஒரு சின்ன ஊர். பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லாத குடியானவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து வாட்ச் பாகம் ராவிய பூமி அது. 1865-இல் ஜார்ஜ் ஃபாவ்ர்-ஜாக்கோ என்ற இளைஞர் அங்கே தொடங்கிய தொழிற்சாலைதான் பின்னாளில் ஜெனித் ஆனது. நூற்றாண்டு விழாவுக்குள், தானாகவே சாவி ஏறிக்கொள்ளும் ஸ்டாப்வாட்ச் ஒன்றைக் கைக்கடிகாரமாகச் செய்துவிடுவது என்று 1962-இல் இறங்கினார்கள். விழா வந்து போய்விட்டது, வாட்ச் வரவில்லை. 1969 ஜனவரி 10-ஆம் தேதிதான் அறிவிக்க முடிந்தது. ஸ்பானிஷ் மொழியில் 'எல் பிரிமெரோ' என்றால் முதலாவது.

ஏன் அவ்வளவு தாமதம் என்பது அப்பாவுக்குச் சொன்னால் புரிந்திருக்கும். ஆட்டோமேட்டிக்கும் ஸ்டாப்வாட்சும் சேர்ந்து ஆறரை மில்லிமீட்டர் கனத்துக்குள் அடங்க வேண்டும். விநாடிக்குப் பத்து அடி என்றால் விநாடியில் பத்தில் ஒரு பங்கை முள் காட்டும். ஆனால் அந்த வேகத்தில் எஸ்கேப்மென்ட் சக்கரத்தின் பற்களில் சாதாரண எண்ணெய் நிற்காது, சிதறிவிடும். அதற்காக மாலிப்டினம் கலந்த உலர் மசகு போட்டார்கள். தங்கக் கேஸ், வைரம் பதித்த டயல் இதெல்லாம் என்னைப் பொறுத்தவரை நகைக்கடைச் சமாச்சாரம். வாட்சின் ஆடம்பரம் மூடிக்குப் பின்னால் இருக்கிறது.

அதே 1969 கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் ஆஸ்ட்ரானை இறக்கியது. விற்பனைக்கு வந்த உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம், சாவி இல்லாமல் செல்லில் ஓடுவது. விலை 4,50,000 யென், ஒரு சின்ன காரின் விலை. மாதத்துக்கு ஐந்து விநாடிதான் கூடும், குறையும். கார் விலையில் வந்த சரக்கு சில வருடங்களிலேயே எல்லார் கைக்கும் எட்டியது. 1970-இல் சுவிட்சர்லாந்தில் வாட்ச் தொழிலை நம்பிச் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். 1980-களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம்.

ஜெனித்தை 1971-இல் வாங்கியிருந்தது, அதே பெயர் கொண்ட சிகாகோ ரேடியோ, டிவி கம்பெனி. 1975-இல் அங்கிருந்து உத்தரவு வந்தது: இனி குவார்ட்ஸ் மட்டும், சாவி வாட்ச் செய்கிற கருவிகளை எடைக்குப் போட்டுவிடுங்கள்.

ஸ்டாப்வாட்ச் பட்டறையின் ஃபோர்மேன் ஷார்ல் வெர்மோ சிகாகோவுக்குக் கடிதம் எழுதினார். பதில் இல்லை. அதற்குமேல் அவர் மனுப் போடவில்லை. வேலை முடிந்து ஆள் போனபிறகு, அச்சுகளையும் வெட்டுக்கருவிகளையும் வரைபடங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரணுக்கு ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி, எது எந்த வேலைக்கு, எந்த வரிசையில் என்று எழுதியும் வைத்தார். எனக்கு இதில் அதிசயம் ஒளித்தது இல்லை, எழுதி வைத்ததுதான். வெறும் இரும்பை ஒளித்திருந்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

கம்பெனி 1978-இல் சுவிஸ் கைக்கே திரும்பியது. 1984-இல் எல் பிரிமெரோவை மறுபடி செய்யத் தொடங்கியபோது, வெர்மோதான் பரணைக் காட்டினார். 1988-இல் ரோலெக்ஸ் தன் டேடோனா வாட்சுக்கு அந்த மெஷினை வாங்கி, வேகத்தை மணிக்கு 28,800 ஆகக் குறைத்து, இன்னும் ஏகப்பட்ட மாற்றம் செய்து 2000 வரை ஓட்டியது. ரோலெக்ஸ் வெளியே போய் மெஷின் வாங்கியது என்பதே பெரிய சான்றிதழ். இப்போது அந்தப் பரணை வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். கதைக்கும் சேர்த்துத்தான் விலை போடுகிறார்கள். போடட்டும்.

திண்டுக்கல்லுக்கும் அந்தக் குவார்ட்ஸ் அலை வந்தது, தாமதமாக. சாவி வாட்ச் கட்டியவர்கள் செல் வாட்சுக்கு மாறினார்கள். அப்பாவிடம் வந்தவர்கள் செல் மாற்றவும் ஸ்ட்ராப் போடவும் வந்தார்கள். "இதுல கேக்க என்னடா இருக்கு" என்பார். அவர் போனபிறகு, வீட்டில் இடம் அடைக்கிறது என்று நான் அவருடைய சின்ன லேத்தையும், பல் சக்கர டப்பாக்களையும், கிளாஸ் ஏற்றும் அழுத்தியையும் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போட்டேன். வீட்டில் பரண் இருந்தது. டப்பாக்கள்மேல் அவர் கையெழுத்தில் சீட்டுகூட ஒட்டியிருந்தது. மிச்சம் அந்த லென்ஸ் ஒன்றுதான்.

உங்கள் அலமாரியில் தாத்தாவின் சாவி வாட்ச் ஏதாவது ஓடாமல் கிடந்தால், உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் யாராவது ஒரு ரிப்பேர்காரர் இன்னும் உட்கார்ந்திருக்கிறாரா பாருங்கள். கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கியதும் காதில் வைத்தாரென்றால், கேட்ட காசைக் கொடுத்துவிடுங்கள், பேரம் பேசாதீர்கள்.