பள்ளிமுனைப் பெருக்கமரம்

மன்னார்த் தீவில் அயலவர்க்கெல்லாம் பொதுவான தோட்டம் எதுவென்று கேட்டால், பள்ளிமுனைப் பெருக்கமரத்தடியையே நான் சுட்டுவேன். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது மரபுவழிக் கருத்து. சுமார் 19 மீற்றர் சுற்றளவுள்ள அடிமரம் மழைநீரைத் தன்னுள் தேக்கி வறட்சியைக் கடக்கிறது. புளிப்பான பழமும் இலையும் உணவாகும். நிழலோ வெயிலில் வந்தோர் அனைவர்க்கும் உரியது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இத்தீவின் எருக்கலம்பிட்டியும் வெறிச்சோடியது. அராபியர் நட்டதாகச் சொல்லப்படும் மரம் நின்றது. அந்நிழலுக்கு உரிய அயலவர் புத்தளத்தில் அகதிகளாயினர். 2009இல் போர் முடிந்தபின் பலர் மீண்டனர். அங்கேயே வேரூன்றியோரும் உளர். மரத்தைக் காக்க விரும்புவோர், அதனடியில் சேர்ந்தமர்ந்த அயலவரின் மீள்வரவையும் தம் கடமையாகக் கொள்ளவேண்டும் என்பேன்.