பட்டு ஆசையும் ஒரு ஈயும்

அமெரிக்காவில் பாஸ்டன் அருகே மெட்ஃபோர்டில் இருந்த ட்ரூவெலோ என்ற பிரெஞ்சு ஓவியருக்குப் பட்டுப்புழு வளர்ப்பில் பைத்தியம். 1860களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து ஜிப்ஸி அந்துப்பூச்சியைக் கொண்டுவந்தார். சில தப்பிவிட்டன. 1889-இல் அவற்றின் புழுக்கள் ஊர் மரங்களையெல்லாம் மொட்டையாக்கின. வீட்டுச் சுவர்களிலும் புழு.

ஈய ஆர்சனேட் அடித்தார்கள். 1957-இல் விமானத்திலிருந்து டி.டி.டி. தெளித்தார்கள், காட்டில் மட்டுமா விழுந்தது, பால் பண்ணையிலும் காய்கறித் தோட்டத்திலும்தான். அதை ரேச்சல் கார்சன் 1962-இல் எழுதிவிட்டார். என்னை உறுத்துவது 1906-இல் நடந்தது.

அந்த ஆண்டு ஐரோப்பாவிலிருந்து ஒரு ஒட்டுண்ணி ஈயை வரவழைத்தார்கள். புழுவின் உடம்புக்குள் தன் குஞ்சை விட்டு, உள்ளிருந்தே தின்ன வைக்கும் ஈ. விஷமில்லாத வழி, நல்ல யோசனைதான். ஆனால் ஜிப்ஸிக்கு வருஷத்துக்கு ஒரே தலைமுறை. ஈக்கோ மூன்று நான்கு. மற்ற மாதங்களில் அது பட்டினியா கிடக்கும்? கண்ட புழுவையெல்லாம் பிடித்தது, 180-க்கும் மேற்பட்ட இனங்கள். அந்த மண்ணுக்கே உரிய செக்ரோப்பியா என்ற பெரிய பட்டு அந்தும் அதில் ஒன்று. 2000-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அதன் 500 புழுக்களை மாசசூசெட்ஸ் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூடக் கூடு கட்டும்வரை பிழைக்கவில்லை. இளம்புழுக்களைக் கொன்றதில் பெரும் பங்கு அந்த ஈக்கு.